அண்ணன் கொடுத்த மரியாதை

எங்கள் பக்கத்தில் ஒருவரை வீட்டைவிட்டு விலக்கி வைக்கச் சண்டை போட வேண்டியதில்லை. மரியாதை கொடுத்தால் போதும். நேற்றுவரை 'வா, போ, தின்னியா' என்று பேசிய வாய் இன்று 'வாங்க, உக்காருங்க, சாப்பிட்டீகளா' என்று மாறிவிட்டால், அந்த வீட்டில் இனி உங்கள் இடம் கூடத்து நாற்காலிதான். அடுப்படிக்குள் போய்ப் பானையைத் திறந்து பார்க்க முடியாது. என் அண்ணன் என்னை அப்படித்தான் விலக்கினான். ஒருநாளும் கை ஓங்கியதில்லை, ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அழுது முடித்துவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன்.

ஒக்கூர்ப் பக்கத்தில் நிலம் வைத்துப் பயிர் செய்கிற குடும்பம் எங்களுடையது. அப்பா சீக்கிரமே போய்விட்டார். அண்ணன்தான் என்னைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுவான். நான் காலைச் சக்கரத்துக்குள் விட்டுவிடுவேன் என்று பயந்து, என் காலைத் துண்டால் கேரியர் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிடுவான். ஒருநாள் அவிழ்க்க மறந்துவிட்டு அவன் பாட்டுக்கு வண்டியைச் சுவரில் சாத்திவிட்டுப் போக, வண்டியும் நானும் சேர்ந்தே விழுந்தோம். அம்மா அதை யார் வந்தாலும் சொல்லிச் சிரிப்பாள். அவனுக்கு நான் 'ஏத்தா'. கோபம் வந்தால் 'கழுத'. நானும் அவனை 'நீ' என்றுதான் பேசுவேன். சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் மட்டும் அவனிடம் யாரும் பேச முடியாது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவான். அம்மா அவனுக்குச் சோறு போட்டுவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ஆசிரியர் பயிற்சிக்காக வெளியூர் போய் ஒரு கிறிஸ்தவ விடுதியில் தங்கினேன். சாயங்காலம் அங்கே ஜெபம் நடக்கும். கட்டாயம் ஒன்றும் கிடையாது. முதலில் பாட்டுக்காகப் போனேன். பிறகு பேச்சுக்காகப் போனேன். கடைசியில் ஆண்டவருக்காகப் போனேன். யாரும் என்னை மயக்கவும் இல்லை, பாலும் பணமும் கொடுக்கவும் இல்லை. இதை ஊரில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், ஒருத்தரும் நம்பியதாகத் தெரியவில்லை. ஞானஸ்நானம் எடுத்தேன். ஊழியம் செய்கிற ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டேன். என் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.

கல்யாணம் முடிந்து இருவருமாக ஒக்கூர் வீட்டு வாசலில் போய் நின்றோம். அண்ணன் வெளியே வந்து, "வாங்க. உக்காருங்க. தண்ணி குடிக்கிறீகளா?" என்றான். என்னைப் பார்த்துத்தான் சொன்னான். கேலி செய்கிறான் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. சொம்பில் தண்ணீர் வந்தது. விருந்தாளிக்குக் கொடுக்கிற பளபளப்பான சொம்பு. என் கணவர் சென்னைக்காரர். திரும்பி வரும்போது பஸ்ஸில், "உங்க அண்ணன் ரொம்பத் தன்மையான மனுஷன்" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காரைக்குடி வரும்வரை அழுதேன். காற்றில் கண் கரிக்கிறது என்று நினைத்து அவர் ஜன்னலை இறக்கிவிட்டார்.

அதன்பிறகு ஊழியத்துக்காக ஒடிசாவில் ஒரு மலைப்பகுதிக்குப் போனோம். அந்த ஊர்ப் பாஷை பிடிபடுவதற்குள் நாக்கு சுளுக்கிக்கொண்டது. காய்ச்சல் மாற்றிக் காய்ச்சல் வந்தது. ஆனாலும் அங்கே நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தச் சனங்களுக்கும் எனக்கும் பழைய கணக்கு எதுவும் கிடையாது. யார் எப்படி நடந்துகொண்டாலும் அன்பு காட்டுவது சுலபமாக இருந்தது. பிறகு மலேரியா அடித்து அடித்து என் கணவரின் உடம்பு நொடித்துப்போனது. எங்களை அனுப்பியவர்கள், இனி தமிழ்நாட்டிலேயே இருந்து ஊழியம் செய்யுங்கள் என்று சொல்லிக் கோட்டையூரைக் காட்டினார்கள். வடக்கே போகும்போது தைரியமாகப் போனவள், கோட்டையூருக்கு வரத்தான் பயந்தேன். அங்கிருந்து ஒக்கூர், பஸ் ஏறினால் போய்விடுகிற தூரம்.

கோட்டையூரில் வாடகை வீட்டின் முன்கூடம்தான் எங்கள் ஜெபவீடு. வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். கண்டனூரில் பெரிய வீட்டுக் கல்யாணம் என்றால் வருடமெல்லாம் பூட்டிக்கிடக்கும் வீட்டைத் திறந்து கழுவிவிடப் போகிறவர்கள், சமையல் வேலைக்குப் போகிறவர்கள், ஒரு சின்ன பலசரக்குக் கடைக்காரி. இவர்கள் ஜெபம் பண்ணுவதைக் கேட்க வேண்டும். நாங்கள் ஆண்டவரை 'நீர்' என்போம், 'தேவரீர்' என்போம். இவர்கள், "ஆண்டவரே, மேல இருந்து பாத்துக்கிட்டுத்தான இருக்கீக, எம்புள்ளைக்கு ஒரு வேலைய வாங்கிக் குடுக்கக் கூடாதா? வரும்போது வாரேன்னா எப்ப வாரீக?" என்று நேராகவே கேட்பார்கள். என் கணவர் ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். எனக்கு மட்டும் அந்த 'இருக்கீக' காதில் விழும்போதெல்லாம் ஒரு மாதிரியாக இருக்கும். அதே சொல், இவர்கள் வாயில் ஆண்டவரைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைக்கிறது. என் அண்ணன் வாயில் என்னை வாசலுக்கு வெளியே நிறுத்துகிறது.

அங்கே இருக்கும்போதுதான் அம்மா இறந்தாள்.

ஒக்கூர் பஸ்ஸில் நான் யோசித்துக்கொண்டே போனது ஒரே ஒரு விஷயத்தைத்தான். வாய்க்கரிசி. தூக்குவதற்கு முன்னால் பெற்ற பிள்ளைகளும் சொந்தங்களும் வரிசையாக வந்து அம்மாவின் வாயில் அரிசி இடுவார்கள். நான் போடலாமா? எங்கள் சபையில் கூடாது என்பவர்களும் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவரிடம் கேட்டேன். அவர், "உன் அம்மா, உன் கை. என்னை எதுக்குக் கேக்குற?" என்றார். அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். எனக்கு எத்தனையோ வாய் ஊட்டிவிட்ட மனுஷிக்கு நான் கடைசியாக ஒரு வாய் ஊட்டுகிறேன். இதில் ஆண்டவர் என்னிடம் கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது?

அத்தை ஒரு பாத்திரத்தில் அரிசியோடு வரிசையாக வந்துகொண்டிருந்தாள். என் முன்னால் வந்து நின்று பாத்திரத்தை நீட்டினாள். நான் கையை நீட்டினேன். தலைமாட்டில் நின்ற அண்ணன், "அத்தை, அவுக வேதக்காரக. அவுகளுக்குச் சங்கடம் வேணாம். அங்குட்டுப் போங்க" என்றான். அதட்டவில்லை. அவ்வளவு பணிவாகச் சொன்னான். பாத்திரம் என்னைத் தாண்டி அடுத்த ஆளிடம் போய்விட்டது. நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன். வாசலில் நின்ற பெரியவர் ஒருவர், தங்கச்சி மனசு நோகாமல் எவ்வளவு பக்குவமாகச் சொல்கிறான் பாருங்கள் என்று அண்ணனை மெச்சியது காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு வந்த வருடங்களில் நான் செய்தது என்ன தெரியுமா? மன்னிப்பைப் பற்றிப் பெண்கள் கூட்டத்தில் பேசினேன். நன்றாகவே பேசுவேன். பிரிந்த மருமகளையும் மாமியாரையும் சேர்த்து வைத்திருக்கிறேன். என் அண்ணன் கதையையும் சொல்வேன். அவருக்குத் தெரியாது, என் விசுவாசத்துக்குச் சங்கடம் வரக் கூடாது என்று நினைத்துச் செய்துவிட்டார், நான் மன்னித்துவிட்டேன் என்பேன். சிலுவையில் ஆண்டவர் வேண்டிக்கொண்டதே தெரியாமல் செய்தவர்களுக்காகத்தானே என்று சேர்த்துக்கொள்வேன். கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்ற வைத்ததும் எனக்குப் பற்றிக்கொள்ளும். "அவன் செத்தா வாய்க்கரிசி போடக்கூட நான் போக மாட்டேன்" என்று கரண்டியை வீசுவேன். என் கணவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "உப்புமா அடிப்பிடிக்குது" என்பார். பஸ் ஸ்டாண்டில் ஒக்கூர் பஸ் நின்றால் நான் மறுபக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன். மன்னித்தவள் எதற்கு ஒரு பஸ்ஸைப் பார்த்து முகத்தைத் திருப்ப வேண்டும்? என் மனசுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோவது எங்கள் ஜெபவீட்டுப் பெண்கள் ஆரம்பித்த வேலை. காலையில் தூக்குச்சட்டி நிறையக் கஞ்சி காய்ச்சிக் காரைக்குடிக்குக் கொண்டுபோய்த் துணையில்லாத நோயாளிகளுக்கு ஊற்றுவோம். இரத்தக் கொதிப்புக்காரர்களும் இருப்பார்கள் என்பதால் கஞ்சியில் உப்புப் போடுவதில்லை. உப்பைத் தனியாகப் பொட்டலம் கட்டி எடுத்துப்போவோம். வேண்டுமென்கிறவர்கள் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். கேட்பது என்றால் சும்மா கேட்பதா? "ஏக்கா, மாட்டுக்குக் காச்சின கஞ்சியவா எனக்கு ஊத்துற?" என்று வார்டே கேட்கும்படி கேட்பார்கள். குடித்து முடித்தபிறகு, ஜெபம் பண்ணவா என்று கேட்போம். சரி என்றால் பண்ணுவோம், வேண்டாம் என்றால் சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவோம். இதுதான் எங்கள் முறை.

அன்று ஆண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் அண்ணன் படுத்திருந்தான்.

உர மூட்டையோடு வண்டி சறுக்கி விழுந்திருக்கிறான். வலது கையில் மாவுக்கட்டு. இடது தோளில் எலும்பு விலகி அதையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மதினி பக்கத்தில் நின்றிருந்தார். மகன் சிங்கப்பூரில். காலையில் மாடு கன்றைப் பார்க்க மதினி ஊருக்குப் போய்த்தான் ஆக வேண்டும், மத்தியானம்தான் திரும்ப முடியும். இதையெல்லாம் மதினி சொல்லிவிட்டு, காலைக் கஞ்சியை மட்டும் நான் ஊட்டிவிட முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்து, "வாங்க. நல்லா இருக்கீகளா?" என்றான். இரண்டு கையும் கட்டிக்கிடக்கும் நிலையிலும் மரியாதைக்கு ஒரு குறை வைக்கவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. நானும் விடுவேனா? "நல்லா இருக்கேங்க" என்றேன்.

அடுத்த நாளிலிருந்து கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினேன். அவன் ஒவ்வொரு வாயையும் அமைதியாக வாங்கிக்கொண்டு, "போதுங்க", "நல்லா இருக்குங்க", "ஒங்களுக்குச் சிரமம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். உப்புக் கேட்கவே இல்லை. அவனுக்குக் கொதிப்பும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. எதுத்த கட்டில்காரர் பொட்டலத்தைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வதைப் பார்த்துக்கொண்டே, உப்பில்லாத கஞ்சியை நல்லா இருக்கு என்று குடித்தான். அந்தப் பொய்யை எனக்குத் தாங்க முடியவில்லை. நானாகப் போட்டிருக்கலாம். போடவில்லை. அவன் கேட்கட்டும் என்று இருந்தேன். உப்பு இல்லையென்று எரிந்து விழுவதற்கு ஒரு உரிமை வேண்டும். அண்ணன் என்னிடம் அந்த உரிமையை எடுத்துக்கொள்ள மறுக்கிறான் என்று எனக்குப் புரிந்தது. ஊட்டி முடித்ததும் எல்லாரிடமும் கேட்பதுபோல ஜெபம் பண்ணவா என்று அவனிடம் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. நெற்றியில் மதினி பூசிவிட்ட திருநீறைப் பார்த்துவிட்டு எழுந்துவிடுவேன்.

இப்படியே கொஞ்ச நாள் போனது. ஒரு காலையில் பாதிக் கஞ்சி குடித்திருப்பான். கரண்டியைக் கொண்டுபோனபோது வாயைத் திறக்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "அன்னைக்கு அம்மாவுக்கு நீங்க வாய்க்கரிசி போட்டிருப்பீகளா?" என்று கேட்டான்.

கரண்டி கையிலேயே நின்றது. "போட்டிருப்பேங்க. பஸ்ஸிலயே முடிவு பண்ணிட்டுத்தான் வந்தேன்" என்றேன்.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்வான் என எதிர்பார்த்தேன். நான் கூட்டத்தில் அவனுக்காகச் சொல்லிவந்த அதே வார்த்தை. அவன் மெதுவாகத் தலையை ஆட்டினான்.

"போடுவீகன்னு தெரியும்" என்றான். "கைய நீட்டுனதையும் பாத்தேன். நீங்க போட்டுட்டா நீங்க எங்க வீட்டுப் புள்ளன்னு ஆயிரும்ல. எனக்கு அது பொறுக்கல. அதான் குடுக்க விடல."

கஞ்சிக் கிண்ணத்தைக் கட்டிலோரத்தில் வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டேன். உடம்பெல்லாம் கொதித்தது. தெரிந்தே செய்திருக்கிறான். என் கை நீண்டதைப் பார்த்துவிட்டே செய்திருக்கிறான். தெரியாமல் செய்தவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. தெரிந்தே செய்தவனை என்ன செய்வது? அப்படியே பஸ் ஏறிக் கோட்டையூருக்குப் போய்விடலாம் என்று தோன்றியது. குழாயடியில் ஒரு பெண் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் தினமும் வருவதைப் பார்த்தவள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, கஞ்சி தீந்துருச்சா?" என்று கேட்டாள்.

"இல்லத்தா. இருக்கு" என்றேன்.

சொல்லிவிட்டு அங்கேயே நின்றேன். ஏனோ நெஞ்சில் இருந்த கொதிப்பு மெல்ல இறங்க ஆரம்பித்தது. எப்படிச் சொல்வது? பல வருடமாக முதுகில் ஏற்றி வைத்திருந்த மூட்டையை யாரோ பின்னால் வந்து தாங்கிப் பிடித்ததுபோல இருந்தது. இத்தனை நாளும் நான் மன்னித்துக்கொண்டிருந்தது நானே செய்து வைத்த ஒரு அண்ணனை. விவரம் தெரியாதவன், தங்கச்சியின் வேதத்துக்காகக் கவலைப்பட்டவன், நல்லவன். அப்படிப்பட்டவனிடம் மன்னிக்க என்ன இருந்தது? அதனால்தான் எத்தனை தடவை மன்னித்தாலும் தீராமல் இருந்தது. இப்போது உள்ளே கட்டிலில் கிடப்பவன் நிஜ அண்ணன். வன்மம் பிடித்தவன், வீம்பன், அம்மாவின் சாவிலும் தங்கச்சியைத் தோற்கடிக்கப் பார்த்தவன். அதைத் தன் வாயால் சொன்னவன். என் சைக்கிள் அண்ணனும் அவன்தான். கடைசியில் மன்னிக்க ஒரு ஆள் கிடைத்துவிட்டான். எனக்கு அழுகைதான் வந்தது. ஆனால் அது கல்யாணமான புதிதில் பஸ்ஸில் அழுத அழுகை இல்லை. ஆண்டவரே, இதைச் செய்ய எனக்குத் தெம்பு கொடும் என்றுகூட நான் கேட்கவில்லை. எங்கள் ஜெபவீட்டுப் பெண்களைப் போல, "பாத்துக்கிட்டுத்தான இருக்கீக" என்று மட்டும் மனசுக்குள் சொன்னேன். முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.

கிண்ணம் வைத்தது வைத்தபடியே இருந்தது. நான் திரும்பி வருவேன் என்று அவன் நினைக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கண் சிவந்திருந்தது. கை இரண்டும் கட்டிக்கிடந்ததால் துடைத்துக்கொள்ள வழியில்லை. சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டேன். கிண்ணத்தை எடுத்துக் கரண்டியில் கஞ்சியை அள்ளினேன். ஆஸ்பத்திரியில் பார்த்த நாளிலிருந்து அவனிடம் நானும் 'ங்க' போட்டுத்தான் பேசிவந்தேன். அன்று அது என் வாயில் வரவில்லை.

"வாயத் தெறண்ணே" என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு வாயைத் திறந்தான். ஒரு வாய் வாங்கி விழுங்கினான். அடுத்த கரண்டியைக் கொண்டுபோனபோது முகத்தைச் சட்டென்று அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். சின்ன வயதில் அம்மா முன்னால் திருப்பிக்கொள்வானே, அதேபோல.

"உப்பே இல்லத்தா" என்றான். "வந்த நாள்லருந்து இதத்தான் ஊத்துற. மனுசன் குடிப்பானா இத?"

எதுத்த கட்டில்காரர் சிரித்துவிட்டார். நான் பையைத் துழாவி உப்புப் பொட்டலத்தை எடுத்தேன். அவசரத்தில் ஒரே இழுப்பில் பிரித்தேன். பாதிப் பொட்டலம் கிண்ணத்தில் கொட்டிவிட்டது. கலக்கி ஒரு வாய் ஊட்டினேன். முகத்தைச் சுளித்தான்.

"கழுத, இப்பக் கரிக்குது" என்றான்.

மிச்சம் வைக்காமல் குடித்தான்.